காக்கியின் மேல் ஒரு துண்டு

அம்மா மண்டபம் சாலையில் அன்று காலை வெயிலுக்கே தார் இளகத் தொடங்கியிருந்தது. ஆளுங்கட்சி வேட்பாளர் பிச்சமுத்துவின் பிரசார வேன் நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் ஒன்றாம் நம்பர் பஸ்கள், காவிரியில் தர்ப்பணம் கொடுத்துவிட்டுத் திரும்பியவர்களின் கார்கள், ஆட்டோக்கள் என்று வால் நீண்டுகொண்டே போனது. ஆளாளுக்கு ஹாரனை அழுத்தினார்கள்.

சப் இன்ஸ்பெக்டர் மஜீதா ஒரு பழக்கடை ஓரமாக நின்று வண்டிகளைப் பக்கத்துத் தெருவுக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தாள். தேர்தல் தேதி அறிவித்ததும் வந்த இடமாற்றத்தில் அவளை ஸ்ரீரங்கத்துக்குப் போட்டிருந்தார்கள். சொந்தத் தொகுதியில் வேலை பார்க்கக் கூடாது என்பது விதி. அவளுடைய வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாலக்கரையில். அது வேறு தொகுதி என்பதால் இந்த இடமாற்றத்தை விதி தடுக்கவில்லை. எந்த ஸ்டேஷன் என்ற பெயர் இங்கே வேண்டாம். ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒரு ஸ்டேஷன் என்று வைத்துக்கொள்ளலாம்.

"சவரிண்ணே, போய் அந்த வேனை ஓரங்கட்டச் சொல்லுங்க. பஸ்ஸாவது போகட்டும்" என்றாள்.

ஏட்டு சவரிநாதன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கூட்டத்துக்குள் புகுந்தார். அந்த ஊரில் அவருக்கு யாரும் சட்டென்று வழிவிடுவார்கள். எந்த ஊரில் வேலையில் இருந்தாலும், பத்து வருஷத்துக்கும் மேலாக வைகுண்ட ஏகாதசி பந்தோபஸ்துக்கு வந்து அவர்தான் போலீஸ் மைக்கில் பேசுவார். காணாமல் போன குழந்தையின் சட்டை என்ன நிறம், யாருடைய செயின் கிடைத்திருக்கிறது, எந்த வாசல் வழியாக வெளியே போக வேண்டும் என்று அவர் சொன்னால் லட்சம் பேர் அப்படியே கேட்டு நடப்பார்கள். ஆளைப் பார்க்காதவர்களுக்குக்கூட அந்தக் குரல் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் அதே குரல் வேனின் ஒலிபெருக்கியில் கேட்டது. வேனில் இருந்தவர்கள் கைகொடுத்து அவரை மேலே ஏற்றி, மைக்கையும் கையில் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

"தாய்மார்கள் ஓரமா வாங்க. தம்பி, பைக்கை எடு. பஸ்ஸுக்கு வழி விடுங்க" என்றார். கூட்டம் பிரிந்தது. முதல் பஸ் நகர்ந்தது. சரி, காரியம் நடந்தால் போதும் என்று மஜீதா நினைத்தாள்.

அந்த நேரத்தில் பிச்சமுத்து தன் தோளில் கிடந்த கட்சித் துண்டை எடுத்து சவரிநாதன் கழுத்தில் போட்டுக் கட்டிப்பிடித்தார். விசில் பறந்தது. நூறு செல்போன்கள் மேலே உயர்ந்தன. சவரிநாதன் ஒரு நொடி தயங்கினார். பிறகு சிரித்தபடி மைக்கை மறுபடியும் வாயருகே கொண்டுபோனார்.

"அண்ணன் நமக்கு என்னென்ன செஞ்சாருன்னு உங்களுக்கே தெரியும். நான் சொல்லித்தான் தெரியணுமா? ஓட்டை மட்டும் மாத்திப் போட்டுறாதீங்க!"

மஜீதா பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கையிலிருந்த வேலையைப் பக்கத்தில் நின்ற காவலரிடம் ஒப்படைத்துவிட்டு நேராக வேனை நோக்கி நடந்தாள். கீழே நின்று அண்ணாந்து பார்த்து, கத்தாமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"சவரிண்ணே, மைக்கைக் கொடுத்துட்டு இறங்குங்க."

பிச்சமுத்து குனிந்து பார்த்தார். "என்னம்மா, ஏட்டு உங்க வேலையைத்தானே பாக்குறாரு? கூட்டத்தை ஒழுங்கு பண்றாரு."

"ஒழுங்கு பண்ணதுக்கு எடம் கொடுத்தீங்க, நன்றி சார். ஓட்டு கேட்டாரே, அதுக்குத்தான் இறங்கச் சொல்றேன்."

கூட்டத்தில் யாரோ ஊளையிட்டார்கள். சவரிநாதன் இறங்கினார். முகம் சிவந்து, வியர்த்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். "துண்டை எடுத்து அவங்ககிட்டயே கொடுத்துருங்க" என்றாள் மஜீதா. கொடுத்தார்.

இருவரும் ஜீப்பில் ஸ்டேஷனுக்குத் திரும்பினார்கள். உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் சவரிநாதன் வாயைத் திறந்தார்.

"அத்தனை பேர் முன்னால என்னை அசிங்கப்படுத்திட்டீங்க மேடம்."

"நீங்க பேசினதும் அத்தனை பேர் முன்னாலதான்ணே."

"வாய் தவறி வந்துருச்சு. நான் ஒண்ணும் கட்சிக்காரன் இல்ல." அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "என் வீட்டுக்காரிக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. இங்க திருச்சியில, புத்தூர் பெரியாஸ்பத்திரியில வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ். மணப்பாறையில கெடந்தேன் மேடம். விடியக்காலையில அவளைக் கூட்டிட்டு பஸ்ஸுல வந்து, ராத்திரி டியூட்டிக்குத் திரும்ப ஓடி... யார்கிட்டயெல்லாம் மனு கொடுத்தேன் தெரியுமா? ஒருத்தன் திரும்பிப் பாக்கல. பிச்சமுத்து அண்ணன் ஒரே போன்ல இங்க மாத்திக் கொடுத்தாரு. அந்த மனுஷன் துண்டு போட்டா வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

அவர் பொய் சொல்லவில்லை என்பது மஜீதாவுக்குத் தெரிந்தது. நல்ல போலீஸ்காரர் என்பதும் தெரியும். எழுத்தில் எதையும் கொண்டுபோகாமல், இனி இப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்லி விட்டுவிடலாமா என்று ஒரு பக்கம் மனம் இழுத்தது. இன்னொரு பக்கம் அவளுக்கு அவள்மீதே ஒரு சந்தேகம் இருந்தது. அவளுடைய அத்தா பரக்கத் அலி எதிர்க்கட்சியின் வட்டச் செயலாளர். சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்து, கையில் கொடியோடு அவள் போகாத பொதுக்கூட்டம் இல்லை. பிச்சமுத்து மேடையில் பேசும்போதெல்லாம் இவளுக்கு வயிறு எரியும். அது போலீஸ்காரியின் வயிறு அல்ல, பரக்கத் அலி மகளின் வயிறு. சவரிநாதனை இறங்கச் சொன்னது யார்? எஸ்.ஐ.யா, மகளா?

"நாளைக்குப் பேசலாம்ணே. வீட்டுக்குப் போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் அந்தக் கேள்விக்கு வேறு ஒருத்தி வந்து பதில் சொன்னாள். பெயர் ரெங்கம்மாள். மேலூர் ரோட்டில் இட்லிக்கடை வைத்திருப்பவள். ஸ்டேஷன் வாசல்வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகப் போனவளை மஜீதாதான் கூப்பிட்டாள்.

"என்னம்மா, வந்துட்டுப் போறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. அப்பறம் வரேன்."

"வெயில்ல வந்திருக்கீங்க. உக்காந்து சொல்லுங்க."

ரெங்கம்மாள் உட்காரவில்லை. அவள் வீட்டுச் சுவரில் கேட்காமல் பிச்சமுத்துவின் சின்னத்தை வரைந்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்ட அவள் கணவனைப் பிடித்துத் தள்ளியதில் மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. தள்ளியவன் யார் என்று தெரியும். இரண்டு நாளாகப் புகார் கொடுக்க நினைத்திருக்கிறாள்.

"பின்ன ஏன் கொடுக்கல?"

ரெங்கம்மாள் கண்ணால் சுவரைக் காட்டினாள். எழுத்தர் மேசைக்கு மேலே பிச்சமுத்து கும்பிட்டபடி சிரிக்கும் காலண்டர் தொங்கியது. மஜீதா தினமும் அதைக் கடந்துதான் போய்க்கொண்டிருந்தாள்.

"அதோட நேத்து வேன்மேல உங்க ஏட்டையா பேசினத என் செல்லுலயே அனுப்பிட்டாங்க. அந்தக் கொரலு எங்களுக்குப் பழகின கொரலு. அவரே அந்தப் பக்கம்னு சொன்னப்பறம், அவங்க ஆளு மேல நான் இங்க வந்து எழுதிக் கொடுத்தா நீங்க எடுப்பீங்களா? எடுத்துட்டு அவங்களுக்கே போன் போட்டுச் சொல்லிட்டா நான் கடை நடத்துறதா வேண்டாமா? நீங்களே சொல்லுங்கம்மா."

அவள் கோபமாகக் கேட்கவில்லை. இட்லி ஆறிவிட்டதா என்று கேட்பது போல சாதாரணமாகக் கேட்டாள். அதுதான் மஜீதாவைத் தைத்தது.

அவள் எழுந்துபோய்க் காலண்டரை ஆணியோடு பிடுங்கி எடுத்தாள். திரும்பி வந்து ரெங்கம்மாளை உட்கார வைத்து, புகாரைத் தானே எழுதி வாங்கி, ரசீது கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் தள்ளியவனைப் பிடித்து வந்தாயிற்று.

ரெங்கம்மாள் போனதுமே ஸ்டேஷனில் இருந்த எல்லாரையும் முற்றத்துக்கு வரச் சொன்னாள். வேப்பமரத்தடியில் வரிசையாக நின்றார்கள்.

"உங்க எல்லாருக்கும் ஒரு கட்சி இருக்கும். எனக்கும் இருக்கு. அதை யாரும் புடுங்க முடியாது. ஓட்டுப் பெட்டியில காட்டுங்க, வீட்ல காட்டுங்க. இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு காட்டாதீங்க. போலீஸ்காரன் யாருக்கும் ஓட்டுப் போடச் சொல்லக் கூடாதுன்னு சட்டத்துல நேராவே இருக்கு. நான் புதுசா கண்டுபிடிக்கல. இப்ப எல்லாரும் போனை எடுங்க."

ரிங்டோனாகக் கட்சிப் பாட்டு வைத்திருந்தவர்கள் மாற்றினார்கள். கட்சி வாட்ஸ்அப் குழுக்களில் இருந்தவர்கள் வெளியேறினார்கள். ஒரு காவலர் மட்டும் நெளிந்தார். அவர் இரண்டு கட்சிக் குழுவிலும் அட்மினாக இருந்தார். "யாரு வந்தாலும் பகைச்சுக்க வேண்டாமேன்னு..." என்று அவர் இழுத்தபோது வரிசையே சிரித்தது. மஜீதாவும் சிரித்துவிட்டாள். ஆனால் இரண்டிலிருந்தும் அவர் வெளியே வரும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

பிறகு உட்கார்ந்து சவரிநாதனைப் பற்றிய அறிக்கையை எழுதினாள். தான் பார்த்தது, தான் கேட்டது, அவ்வளவுதான். அவர் மனைவியின் நோயையும் எழுதினாள். தேர்தல் பணியிலிருந்து அவரை விலக்க வேண்டும். ஆனால் மனைவியின் சிகிச்சைக்காகத் திருச்சி நகரத்துக்குள்ளேயே வேறு பணி கொடுக்க வேண்டும் என்று முடித்தாள்.

இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனிதர் அல்ல. ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருந்தது. அதை அமைதியாகக் கழிக்க விரும்பினார்.

"என்னம்மா இது? வாய்வார்த்தையா கண்டிச்சுட்டு விட்டுரலாமே. மேல இருந்தும் போன் வந்துச்சு. தேர்தல் இன்னும் கொஞ்ச நாள். அதுக்கப்பறம் நீயும் நானும் இவங்ககூடத்தான் குப்பை கொட்டணும்."

"அந்த வீடியோ ஊரு முழுக்கப் போயிருச்சு சார். நாம எதுவும் செய்யலன்னா, நாமளும் அந்த வேன்ல ஏறின மாதிரிதான்."

"உங்க அப்பா எந்தக் கட்சின்னு எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் இவ துள்ளுறான்னு சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லுவாங்க சார். சொல்லட்டும்."

"நான் அனுப்பலன்னா?"

"தேர்தல் பார்வையாளர் சர்க்யூட் ஹவுஸ்லதான் தங்கியிருக்காரு. யாரு வேணும்னாலும் போய்ப் பாக்கலாம்னு பேப்பர்ல போட்டிருக்காங்க. நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் போவேன்."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். "பிடிவாதக்காரி" என்று முணுமுணுத்தது திட்டா பாராட்டா என்று தெரியவில்லை.

சவரிநாதனைக் கன்ட்ரோல் ரூமுக்கு மாற்றி ஆணை வந்தது. துறை விசாரணையும் உண்டு என்றார்கள். செய்தி வெளியே கசிந்ததும் எதிர்க்கட்சியின் தேர்தல் பொறுப்பாளர் ஜெபராஜ் ஆட்களோடு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். கையில் பொன்னாடை, ரோஜா மாலை. பின்னால் வீடியோ எடுக்க இரண்டு பேர்.

"தங்கச்சி, தமிழ்நாடே உங்களைப் பத்திப் பேசுது. எங்க தலைமையிலேருந்தே பாராட்டச் சொன்னாங்க. ஒரே ஒரு போட்டோ."

"புகார் ஏதாவது கொடுக்க வந்தீங்களா சார்?"

"புகார் இல்ல, பாராட்டு!"

"பாராட்டு வாங்குற எடம் இது இல்லீங்க. கேமராவை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க."

ஜெபராஜின் சிரிப்பு குறையவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பரக்கத் அலி பாயோட பொண்ணு நீங்க. நம்ம வீட்டுப் பொண்ணு. எங்ககிட்ட என்ன கூச்சம்?"

"அவரு வீட்ல நான் பொண்ணு. இங்க எஸ்.ஐ. அந்தத் துண்டும் இந்தத் துண்டும் எனக்கு ஒண்ணுதான். எடுத்துட்டுப் போங்க சார்."

அவர்கள் போனார்கள். ஆனால் வாசலில் நின்று அவள் கையை நீட்டி அவர்களை அனுப்பியதை யாரோ தூரத்திலிருந்து படமெடுத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

இரண்டொரு நாளில் சவரிநாதன் தன் பொருட்களை எடுத்துக்கொள்ள ஸ்டேஷனுக்கு வந்தார். லாக்கரைக் காலி செய்துவிட்டு மஜீதாவின் மேசைக்கு எதிரே வந்து நின்றார். சாதாரண உடையில் அவர் கொஞ்சம் சின்னவராகத் தெரிந்தார்.

"ஒரு விஷயம் காட்டணும் மேடம்" என்று செல்போனை நீட்டினார்.

பெரிய கடை வீதி. அவள் அத்தாவின் கைலிக்கடை இருக்கும் முனை. கடைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். ஒரு பக்கம் எதிர்க்கட்சி வேட்பாளர் கும்பிடுகிறார். மறுபக்கம் காக்கி உடையில் மஜீதா, கையை நீட்டி யாரையோ வெளியே போகச் சொல்கிறாள். 'அநீதியை இறக்கிவிட்ட எங்கள் வீட்டுச் சிங்கம்! நீதி தொடர வாக்களிப்பீர்!' கீழே கொட்டை எழுத்தில்: இவண், பரக்கத் அலி, வட்டச் செயலாளர்.

"நான் வண்டியில ஏறுனேன், உண்மைதான். தப்புதான். அனுபவிக்கிறேன்" என்றார் சவரிநாதன். "நீங்க இப்ப எந்த வண்டியில நிக்கிறீங்கன்னு பாருங்க. உங்க அத்தா மேலயும் எழுதுவீங்களா? இல்ல, ஏட்டுக்கு மட்டும்தான் சட்டமா?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மஜீதாவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவர் கேட்டது ரெங்கம்மாள் கேட்ட அதே கேள்விதான்.

அன்று மத்தியானம் டியூட்டி முடிந்ததும் காக்கியைக் கழற்றிவிட்டு சுடிதாரில், தலையில் துப்பட்டாவோடு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைக் கடந்தாள். ஆற்றில் மணல்தான் அதிகம் தெரிந்தது. வழியெல்லாம் என்ன பேசுவது என்று சொற்களை அடுக்கிக்கொண்டே போனாள். பெரிய கடை வீதிக்குள் நுழைந்து அந்த ஃப்ளெக்ஸில் தன் முகத்தையே அண்ணாந்து பார்த்தபோது எல்லாம் மறந்துவிட்டது.

கடையில் அத்தாவோடு கட்சிக்காரர்கள் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் எழுந்தார்கள். பரக்கத் அலியின் முகம் மலர்ந்தது.

"வாம்மா, வா! பாத்தியா? மாஷா அல்லாஹ், எப்படி இருக்க பாரு. ஊரு தாண்டி பேகம்பூர்லேருந்தெல்லாம் போன் பண்ணி விசாரிக்கிறாங்க."

"அத்தா, உள்ள வாங்க. கொஞ்சம் பேசணும்."

கைலிக்கட்டுகளுக்கு நடுவே பின்னறையில் இருவரும் நின்றார்கள்.

"அதை இறக்கச் சொல்லுங்க அத்தா."

"எதை?"

"ஃப்ளெக்ஸை."

அவர் சிரித்தார். பிறகு அவள் விளையாடவில்லை என்று புரிந்தது. "ஏன்? என் மகளை நினைச்சு நான் பெருமைப்படக் கூடாதா? நாப்பது வருஷம் இந்தக் கட்சிக்கு உழைச்சிருக்கேன். போஸ்டர் ஒட்டி, அடி வாங்கி, ஜெயிலுக்குப் போயி. எனக்குன்னு ஒண்ணு கேட்டிருப்பேனா? இப்ப என் பொண்ணு போட்டோவைப் போட்டது குத்தமா?"

"பொண்ணு போட்டோன்னா நிக்காஹ்ல எடுத்தது வீட்ல எத்தனை இருக்கு? அதுல ஒண்ணைப் போட்டுருக்கலாமே. இந்தச் சட்டையோட எதுக்குப் போட்டீங்க? இதுக்குத்தான் ஓட்டு விழும்னு தெரிஞ்சுதானே?"

அவர் கைலிக்கட்டு ஒன்றை எடுத்து வேறு அடுக்கில் வைத்தார்.

"நாளைக்கு ஆளுங்கட்சிக்காரன் ஒருத்தன் அடிபட்டு என் ஸ்டேஷனுக்கு வந்தா என்ன நினைப்பான் அத்தா? இவ எதிர்க்கட்சி பேனர்ல இருக்குறவ, நம்ம புகாரை எடுக்க மாட்டான்னு வாசல்லயே திரும்பிப் போயிருவான். அப்படி ஒரு அம்மா திரும்பிப் போனாங்க. நான் கண்ணால பாத்தேன். அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன், நீங்களும் செய்யாதீங்க."

"இப்ப இறக்குனா வெளிய உக்காந்திருக்கானுங்களே, அவனுங்க என்னைப் பத்தி என்ன பேசுவானுங்க? போலீஸுக்குப் பயந்துட்டான் பாயின்னு சொல்லுவானுங்க. முடியாதும்மா. வேணும்னா தேர்தல் முடிஞ்ச மறுநாள் நானே கழட்டுறேன்."

"அப்ப நான் போன் பண்ணணும் அத்தா."

"யாருக்கு?"

அவள் செல்போனை எடுத்தாள். தேர்தல் பறக்கும் படையின் எண்ணை அழுத்தி, அத்தாவைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பெரிய கடை வீதியில அனுமதி இல்லாம கட்சி பேனர் வச்சிருக்காங்க சார். போலீஸ் யூனிஃபார்ம்ல இருக்குற அதிகாரி போட்டோவைப் போட்டு ஓட்டு கேட்டிருக்காங்க. வச்சவர் பேரு பரக்கத் அலி. புகார் கொடுக்குறது எஸ்.ஐ. மஜீதா. ஆமா சார், அந்தப் போட்டோவுல இருக்குறது நான்தான். சொந்தம்தான். எங்க அத்தா."

பரக்கத் அலி சுவரில் சாய்ந்துகொண்டார். வெளியே இருந்த கட்சிக்காரர்கள் பின்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள்.

பறக்கும் படை வரும்வரை அவள் கடைவாசலிலேயே நின்றாள். கத்தி வைத்துக் கயிற்றை அறுத்ததும் ஃப்ளெக்ஸ் பாதி மடங்கி, அவளுடைய முகமும் வேட்பாளரின் முகமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பக்கத்து நகைக்கடைக்காரர் ஷட்டர் ஓரம் நின்று தலையில் அடித்துக்கொண்டார். வந்த அதிகாரிகள் பரக்கத் அலியின் பெயர், முகவரி எல்லாம் கேட்டு எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் நிமிர்ந்து நின்று பதில் சொன்னார். எழுதி முடித்ததும் மகளைப் பார்க்காமலே சொன்னார்.

"வீட்டுப் பக்கம் கொஞ்ச நாளைக்கு வராதே."

அன்று குவைத்திலிருந்து அவள் கணவன் ஜமீல் போன் செய்தபோது மஜீதா அழுதாள். "போன் பண்ணாமயே விட்டிருந்தா நல்லா இருந்திருக்குமா?" என்று ஜமீல் கேட்டான். "இல்ல" என்றாள். "பின்ன அழுதுட்டுத் தூங்கு. காலையில டியூட்டி இருக்குல்ல" என்றான் அவன்.

அதன்பிறகு இரண்டு கட்சிக்காரர்களுக்கும் அவளைப் பிடிக்காமல் போனது. ஒரு தரப்பு அவளை நன்றிகெட்டவள் என்றது. இன்னொரு தரப்பு அப்பனும் மகளும் சேர்ந்து போட்ட நாடகம் என்றது. ஆனால் ஸ்டேஷனுக்கு வருகிறவர்களிடம் ஒரு மாற்றம் இருந்தது. முன்பெல்லாம் புகாரோடு கட்சிக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டுதான் வருவார்கள். இப்போது தனியாக வந்தார்கள். பிச்சமுத்துவின் ஆட்களே ஒருமுறை தங்கள் கொடிக்கம்பத்தை யாரோ சாய்த்துவிட்டதாக வந்து, அவளைத்தான் கேட்டு உட்கார்ந்தார்கள். அவள் போய்ப் பார்த்து, சாய்த்த எதிர்க்கட்சிப் பையன்கள்மேல் வழக்குப் போட்டாள்.

வாக்குப்பதிவு நாள் சண்டை சச்சரவு இல்லாமல் முடிந்தது. பிச்சமுத்து தோற்றார். ஜெயித்தவர்கள் அவளுக்கு மாலை எதுவும் கொண்டு வரவில்லை. வழக்கமான மாறுதலில் அவள் போக்குவரத்துப் பிரிவுக்குப் போனாள்.

சவரிநாதனின் துறை விசாரணையில் அவள் சாட்சி சொன்னாள். அவர் எதையும் மறுக்கவில்லை. "பேசினது நான்தான், அறிக்கையில சொன்னதெல்லாம் உண்மை" என்று எழுதிக் கொடுத்தார். ஒரு வருஷ ஊதிய உயர்வு போயிற்று, வேலை நிலைத்தது. கன்ட்ரோல் ரூமில் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போக முடிந்ததால் மனைவியைப் புத்தூருக்கு அழைத்துப்போவது எளிதாயிற்று என்று மற்றவர்கள் சொல்லிக் கேட்டாள். அவர் அவளிடம் நேராகப் பேசவில்லை. எதிர்ப்பட்டால் சல்யூட் அடிப்பார், அத்தோடு சரி. அதற்குமேல் எதிர்பார்க்க அவளுக்கும் உரிமையில்லை என்று நினைத்தாள்.

பேனர் வழக்கு விசாரணைக்கு வந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. திருச்சி நீதிமன்றத்தில் புகார்தாரராக மஜீதா காக்கியில் நின்றாள். பரக்கத் அலி வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, தொப்பியோடு எதிர்ப்பக்கம் நின்றார். அந்தக் கொஞ்ச காலத்தில் நன்றாக இளைத்திருந்தார்.

மாஜிஸ்திரேட் குற்றத்தை வாசித்துக் காட்டிக் கேட்டார். வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பரக்கத் அலியே சொன்னார்.

"நான்தான் வச்சேன் ஐயா. இறக்கச் சொல்லி எம்மக வந்து கேட்டுச்சு. நான் இறக்கல. அது செஞ்சது சரிதான்."

மஜீதா தரையைப் பார்த்தாள். சாட்சி சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அபராதம் விதித்து அனுப்பினார்கள்.

வெளியே வராந்தாவில் மழைக்காக ஒதுங்கி நின்றவர்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நெரிசல் தள்ளியதில் அத்தாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டார்கள். இருவரும் மழையைப் பார்த்தபடி நின்றார்கள்.

"உங்கம்மா உன்னைப் பாக்கணும்னு ஒரே தொல்லை" என்றார் பரக்கத் அலி. "ஞாயித்துக்கிழமை பிரியாணி போடுறாளாம்."

"வரேன் அத்தா."

பிறகு அவர் தொண்டையைச் செருமினார். யாரும் கேட்டுவிடாதபடி குனிந்து, கட்சிக்காரனுக்கே உரிய ஆசை அடங்காமல் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. தபால் ஓட்டை யாருக்குப் போட்டே?"

"சொல்ல மாட்டேன்."

"அடிப்பாவி! பெத்தவன்கிட்டக்கூடவா?"

"உங்ககிட்டக்கூடத்தான்."

பரக்கத் அலி அவளை முறைத்தார். முறைப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. "சரி, விடு" என்றார். மழை கொஞ்சம் வெறித்தது. அத்தா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார். மஜீதா மத்திய பேருந்து நிலையச் சந்திப்பில் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியைக் கிளப்பினாள்.